பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறாலின் வெண்புள்ளி நோய்

சென்னை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 35 மைல் தூரத்தில், வங்கக் கடலை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. நம் தேசத்திலுள்ள உவர்நீர்க் காயல்களில் ஒரிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்த இடத்தில் வைத்து எண்ணப்படுவது இது. தெற்கு வடக்காக 60 கிலோமீட்டர் அளவு நீண்டிருப்பினும், பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாதது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் இதில் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. முகத்துவாரங்களின் வழியே கடல்நீர் ஏறியும் இறங்கியும் வருகிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் ஜில்லாவில் அமைந்துள்ளது.

இவ்வேரியைச் சூழ்ந்த குப்பங்களுக்கு இறாலே முதன்மையான செல்வம். கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் ஓதத்துடன் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் புகுந்து, சில மாதங்கள் இங்குத் தங்கி வளர்ந்து, இனம் பெருக்கும் பருவத்தில் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும் வழியில் வலை கட்டிப் பிடிப்பது ஏரிக்கரை மீனவரின் பரம்பரைத் தொழில். வலையில்லாத இருளர் மகளிர், மட்டநீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கின்றனர். ஆகவே ஏரியின் நீர் கெட்டாலும், அதிலுள்ள இறாலுக்கு நோய் கண்டாலும், முதலில் அடுப்பு அணைவது இக்குப்பங்களில்தான். சென்ற நூற்றாண்டின் இறுதியில் இக்கரையில் தோன்றிய ஒரு நோயைப் பற்றியும், அதனை வளர்ப்போர் சமாளிக்கும் வழிகளைப் பற்றியும் இங்கே கூறப்படும்.

நோய் வந்த வரலாறு

1990-ஆம் வருஷத்தை அடுத்த சில ஆண்டுகளில், குட்டை வெட்டி இறால் வளர்க்கும் தொழில் கிழக்குக் கடற்கரையெங்கும் வெகு வேகமாகப் பரவிற்று. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் புலி இறாலுக்கு நல்ல விலை கிடைத்தமையால், உவர் நிலங்களும், சில இடங்களில் நெல் விளைந்த கழனிகளுங்கூடக் குட்டைகளாயின. ஏரியின் வடகரையை உட்கொண்ட அந்நாளைய நெல்லூர் ஜில்லாவில் இத்தொழில் மிகுதியும் வளர்ந்தது. நான்கு மாதத்தில் பலன் தரும் பயிர் என்பதால், நிலத்தை அடமானம் வைத்தும் பலர் இதில் இறங்கினர்.

1994-ஆம் வருஷத்தின் இறுதியில் நிலைமை மாறிற்று. முந்தின நாள் வரை தீனியை நன்கு உண்டுவந்த இறால்கள் திடீரென்று உண்ணாதொழிந்தன. சோர்ந்து, நீர்மட்டத்துக்கு வந்து, கரையோரமாக ஒதுங்கின. சிலவற்றின் உடல் செந்நிறமடைந்தது. தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அகலமுள்ள வெண்மையான புள்ளிகள் ஓட்டில் காணப்பட்டன. அறிகுறி தோன்றிய 3 நாள் முதல் 10 நாளுக்குள் குட்டை முழுவதும் மடிந்தது. ஒரு குட்டையில் கண்டது அடுத்த குட்டையிலும், அதற்கடுத்த ஊரிலும் பரவிற்று. 1995-ஆம் வருஷம் முழுவதும் ஆந்திர, தமிழ்நாட்டுக் கரைகளில் இந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தது. கடன்பட்டுக் குட்டை வெட்டியவர்கள் அறுவடை செய்ய வேண்டிய நாளில் செத்த இறாலை அள்ளிக் குழியில் கொட்டினர்.

காரணம் புலப்படாத காலம்

நோயின் காரணம் யாதென்பது தொடக்கத்தில் விளங்கவில்லை. நீர் கெட்டது என்றனர் சிலர். தீனி கெட்டது என்றனர் வேறு சிலர். அளவுக்கு மிஞ்சிக் குஞ்சு விட்டதன் பலன் என்றும், பூச்சிமருந்து கலந்த வயல்நீர் இறங்கியதன் பலன் என்றும் அபிப்பிராயங்கள் எழுந்தன. இவற்றில் சில, நோயை மிகுவிக்கும் துணைக் காரணங்களே அன்றி மூலகாரணம் அல்ல.

இந்நோய் நம் நாட்டில் தோன்றியதன்று. 1992-ஆம் வருஷத்தில் தைவானிலும் சீனாவிலும் முதலில் காணப்பட்டது. அடுத்த ஆண்டு, சீனாவிலிருந்து தருவித்த குஞ்சுகளுடன் ஜப்பானை அடைந்தது. பின்னர் தாய்லாந்தையும் நம் நாட்டையும் தாக்கிற்று. 1995-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்திலும், 1999-இல் தென்னமெரிக்காவின் ஈக்வடார் தேசத்திலும் கண்டது. ஒவ்வொரு தேசத்து நிபுணரும் நோய்க்கிருமிக்கு வெவ்வேறு பெயர் இட்டமையால், பல நோய்கள் போலும் என்ற மயக்கம் சிறிது காலம் நிலவிற்று. எல்லாம் ஒரே வைரஸால் உண்டாவதே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஏறக்குறைய 3 லட்சம் எழுத்துக்களால் ஆகிய அதன் மரபுக்குறிப்பு 2001-ஆம் வருஷத்தில் முழுதும் படித்தறியப்பட்டது. அதுவரை அறியப்பட்ட எந்த வைரஸ் குடும்பத்தோடும் பொருந்தாமையால், அதற்கெனத் தனிக் குடும்பமே வகுக்க நேர்ந்தது.

தோட்டக்காரர்களுக்கு இதைப் போன்ற வேறொரு நோய் நினைவுக்கு வரலாம். மாமரத்தில் பூங்கொத்து விரியாமல், தடித்துச் சுருண்டு, காலிப்பூவைப் போலத் திரண்டு, காய் பிடிக்காது நின்றுவிடும் உருக்குலைவு நோய் 1891-ஆம் வருஷத்தில் பீஹாரின் தர்பங்காவில் குறிக்கப்பட்டது. வடநாட்டுத் தோப்புகளில் மிகுதியாகவும் தென்னாட்டில் குறைவாகவும் காணப்படும் அந்நோய்க்குச் சிலந்திப் பேன் காரணம் என்றும், வைரஸ் என்றும், சத்துக்குறை என்றும் நெடுங்காலம் வாதம் நடந்தது. 1966-இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவகைப் பூஞ்சணத்தைச் சுட்டிக்காட்டினர். 1999-இல் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் அதனை ஐயமற நிறுவினர். ஆக, ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அவ்வளவு காலமும் மாமரம் வைத்தோர் சும்மா இருந்துவிடவில்லை. நோய்ப்பட்ட கொத்தை அதன் கீழுள்ள நல்ல கிளையில் ஒரு சாணுடன் வெட்டிக் கொளுத்துவதும், நோயுள்ள தாய்மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடாதிருப்பதும் அவர்கள் கைக்கொண்ட முறைகள். காரணம் அறிந்த பின்னரும் அவையே தலையாய முறைகளாக நிற்கின்றன. இறாலின் வெண்புள்ளி நோயிலும் இதே பாடம்தான் உள்ளது.

நோயின் இயல்பு

இவ்வைரஸ் இறாலை மட்டுமன்றி நண்டு, சிங்கி இறால் முதலான பத்துக்காலிகளில் 90-க்கு மேற்பட்ட இனங்களைப் பற்றவல்லது. அவற்றுள் பல, நோயின் அடையாளம் யாதும் இன்றியே கிருமியைச் சுமந்து திரியும். கழியிலும் வரப்பிலும் வளை தோண்டி வாழும் நண்டு, ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்கு நோயைக் கொண்டுசெல்லும் தூதன் என்றே சொல்லலாம்.

நோய் பரவும் வழிகள் இரண்டு. முதலாவது, தாய் இறாலிடமிருந்து குஞ்சுக்கு வருவது. புலி இறாலின் தாய்கள் கடலில் பிடிக்கப்பட்டவையாதலால், பொரிப்பகத்துக்குள்ளேயே கிருமி நுழைந்துவிடக்கூடும். தாய் இறாலுக்கு உயிரிரையாக இடும் கடற்புழுக்களும் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 2005-ஆம் வருஷத்தில் எடுத்துக்காட்டினர். இரண்டாவது, குட்டைக்குள் பரவுவது. இறால் தன் இனத்தில் செத்ததையும் சோர்ந்ததையும் தின்னும் வழக்கமுடையது. ஆதலால் ஒன்று மடிந்தால் அதைத் தின்ற பல மடியும். நீரின் வழியாகவும், நனைந்த வலை, வாளி, ஆட்களின் கால் ஆகியவற்றின் வழியாகவும் பரவும். காகமும் நாரையும் சாகும் இறாலைக் கொத்திச் சென்று வேறு குட்டையில் தவறவிடுவதும் உண்டு.

இதற்கு மருந்து இல்லை என்பதை வளர்ப்போர் மனத்தில் நன்கு பதித்தல் வேண்டும். பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸை யாதும் செய்யா. அவற்றை இடுவதால் பணம் வீணாவதோடு, மருந்தின் மிச்சம் இறாலில் தங்கி, அயல்நாட்டார் சரக்கைத் திருப்பி அனுப்பவும் காரணமாகும். மனிதருக்கும் கால்நடைக்கும் உள்ளதுபோல், தடுப்பு ஊசியால் எதிர்ப்பை நினைவில் வைக்கும் சக்தி இறாலுக்கு இல்லை. ஆகவே அம்மைக்குத் தடுப்பூசி போட்டதுபோல் இதற்குப் போட்டு நிம்மதி அடைய இயலாது. இந்நோய் கண்ட இறாலை உண்பதால் மனிதருக்குத் தீங்கில்லை என்பது மட்டும் ஆறுதலான விஷயம்.

பொதுநீரும் தனிக்குட்டையும்

பழவேற்காடு போன்ற இடத்தில் இந்நோய் குட்டை உடையவரின் கவலையோடு நின்றுவிடுவதில்லை. குட்டைக்கு ஏற்றும் நீர் ஏரியின் நீர். குட்டையிலிருந்து இறக்கும் கழிவும் ஏரிக்கே திரும்புகிறது. ஒருவர் நோயுற்ற குட்டையின் மதகைத் திறந்துவிட்டால், அன்று மாலையே அடுத்தவர் அந்நீரை இயந்திரம் வைத்துத் தம் குட்டைக்கு இறைத்துக்கொள்கிறார். நடுவில் அந்நீரில் வலை கட்டியிருக்கும் மீனவர் இவ்விரண்டுக்கும் சம்பந்தமில்லாதவர்; ஆயினும் நஷ்டத்தில் அவருக்கும் பங்குண்டு. கழிவுநீரால் ஏரி கெடுவதும், குடிநீர்க் கிணறு உவர்ப்பதும், குட்டைகளின் கரை குறுக்கிட்டு ஏரிக்குச் செல்லும் வழி அடைபடுவதும் கடற்கரை ஊரார் பல இடங்களில் எழுப்பிய முறையீடுகளாகும்.

இம்முறையீடுகள் இறுதியில் சுப்ரீம் கோர்ட்டை எட்டின. கிராம சுயராஜ்ய இயக்கத்தைச் சேர்ந்த எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பளித்த நீதிபதிகள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் குட்டைகளை அகற்றுமாறு கட்டளையிட்டனர். பாரம்பரிய முறையில் நடப்பவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தனர். அத்தீர்ப்பில் சில்கா ஏரியும் பழவேற்காடு ஏரியும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டு, அவற்றிலிருந்து 1000 மீட்டர் தூரத்துக்குள் இறால் குட்டைத் தொழில் கூடாதென விதிக்கப்பட்டது. பின்னர் 2005-ஆம் வருஷத்தில் பார்லிமெண்ட் இயற்றிய சட்டத்தின்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. உவர்நீர்ப் பண்ணைகள் யாவும் அவ்வாணையத்தில் பதிவு பெறுதல் வேண்டும். அச்சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. குட்டை வெட்ட எண்ணுவோர் நிலத்தை வாங்குவதற்கு முன்னரே, அந்நிலம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் உள்ளதா என்பதைக் கேட்டறிதல் முதற்கடமை. ஏரியிலிருந்து விலகி இருப்பது சட்டத்துக்கு அடங்குவது மாத்திரமன்று; நோய்க்கு விலகியிருப்பதும் ஆகும்.

குஞ்சு விடுமுன் செய்ய வேண்டியவை

அறுவடை முடிந்ததும் குட்டையை முற்றிலும் வடித்து, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிட வேண்டும். அடியில் தங்கிய கருஞ்சேற்றைச் சுரண்டி எடுத்து, கரைக்கு அப்பால் போட வேண்டும். மழையில் கரைந்து மீண்டும் உள்ளே வரும்படி வரப்பின் மேல் குவித்தல் ஆகாது. காய்ச்சலின் அருமையை ஆராய்ச்சி காட்டுகிறது. மேற்கூறிய சென்னை நிலையத்தார் செய்த சோதனையில், வெயிலில் உலர்த்திய சேற்றில் வைரஸ் 19 நாள் வரை நோய் தரும் வன்மையோடு இருந்தது. நீர் வடியாத சேற்றிலோ 35 நாள் வரை இருந்தது. ஆதலால் மூன்று வாரத்துக்குக் குறையாமல் உலர்த்துவதும், வடிய முடியாத பள்ளமான குட்டைகளை இன்னும் நெடுநாள் சும்மா விடுவதும் அவசியம். உலர்ந்த பின் உழுது, மண்ணின் புளிப்பு நிலையைச் சோதித்து, அதற்கேற்பச் சுண்ணாம்பு இட வேண்டும்.

அடுத்தது நீர். ஏரியிலோ கழியிலோ இருந்து இறைக்கும் நீரை நேரே குட்டைக்குள் விடலாகாது. அங்குலத்துக்கு 60 கண் உள்ள மெல்லிய வலைப்பையைக் குழாயின் வாயில் கட்டி, நண்டுக் குஞ்சும் காட்டு இறாலும் மீன்முட்டையும் உட்புகாதபடி வடிகட்டித் தனியே ஒரு தேக்கத்தில் நிறுத்த வேண்டும். நூற்றுக்கு 30 பங்கேனும் குளோரின் உள்ள சலவைத்தூளை, பத்து லட்சம் பங்கு நீருக்கு 60 பங்கு வீதம் இடுவது வழக்கம். ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு இது ஏறக்குறைய 240 கிலோ ஆகும். குளோரின் முற்றும் நீங்கியதைச் சோதித்தறிந்த பின்னரே அந்நீரை வளர்ப்புக் குட்டைக்கு மாற்ற வேண்டும். தேக்கத்துக்கென நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது வீண் என்று எண்ணுவோர் உளர். நோய் வந்தால் எல்லாப் பங்கும் வீணாகும் என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும்.

குட்டையைச் சுற்றிலும் நண்டு ஏறாதபடி வழவழப்பான தாளாலோ வலையாலோ அடிப்பகுதி மண்ணில் புதையுமாறு வேலி அமைக்க வேண்டும். பறவைகளைத் தடுக்க மேலே கயிறு கட்டுதல் போதுமானது. ஒவ்வொரு குட்டைக்கும் தனி வலை, தனி வாளி வைத்துக்கொள்ள வேண்டும்.

குஞ்சைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல விதை பாதி விளைச்சல் என்பது குடியானவர் அறிந்ததே. இங்கு அது இன்னும் மெய். குஞ்சுகளை வாங்குமுன் பி.சி.ஆர். என்னும் சோதனையால் வைரஸ் உண்டா இல்லையா என்பதை அறியலாம். ஆயினும் சோதனைச்சீட்டைக் கண்மூடி நம்புதல் கூடாது. ஒரு தொட்டியில் லட்சக்கணக்கான குஞ்சுகள் இருக்க, பத்து இருபதை மட்டும் எடுத்துச் சோதித்தால் நோயுள்ளவை தப்பிவிடக்கூடும். நூற்றுக்கு இரண்டு குஞ்சுகள் நோயுற்றிருந்தால், அதனை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிச்சயத்துடன் கண்டறிய ஏறத்தாழ 150 குஞ்சுகளையேனும் எடுக்க வேண்டும். எந்தத் தொட்டியில் எடுத்துச் சோதித்தனரோ அதே தொட்டியின் குஞ்சையே வாங்க வேண்டும்.

2009-ஆம் வருஷம் முதல் வனாமி என்னும் அயல்நாட்டு வெள்ளை இறாலை வளர்க்க நம் நாட்டில் அனுமதி வழங்கப்பட்டது. குறிப்பிட்ட நோய்கள் இல்லை எனச் சான்று பெற்ற தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைக் காப்பகத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. இதனால் தாய்வழி நோய் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் நோயற்ற தாய் என்பதற்கும் நோய் அணுகாத இறால் என்பதற்கும் வேற்றுமை உண்டு. சுத்தமான குஞ்சும் அசுத்தமான குட்டையில் விட்டால் நோய் கொள்ளும். வனாமியைச் சதுர மீட்டருக்கு 60-க்கு மேல் விடலாகாது என்று ஆணையம் விதித்துள்ளது. தொடக்கக்காரர் அதில் பாதியும் விடாதிருப்பதே நலம்.

பருவமும் கவனிக்கத்தக்கது. நீரின் வெப்பம் 32 பாகைக்கு மேல் இருக்கையில் இந்நோயின் வேகம் தணிவதும், குளிர்ச்சியில் மிகுவதும் சோதனைகளில் காணப்பட்டுள்ளன. பழவேற்காட்டுப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து நீர் குளிர்வதோடு, உப்பின் அளவும் திடீரெனக் குறைகிறது. அப்பொழுது இறால் வலுவிழந்து நிற்கும். ஆகையால் மழைக்காலப் போகத்தைக் கைவிட்டு, மாசி பங்குனியில் குஞ்சு விட்டு, மழைக்கு முன் அறுவடை செய்து, எஞ்சிய காலத்தில் குட்டையைக் காயப்போடுதல் தக்க வழி.

நோய் கண்டால் செய்ய வேண்டியவை

தீனித் தட்டை நாள்தோறும் பார்ப்பவருக்கு நோய் முன்னறிவிப்பு இன்றி வருவதில்லை. தீனி மீந்தாலோ, பகலில் இறால் கரையோரம் ஒதுங்கினாலோ உடனே சிலவற்றைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஓட்டில் வெண்புள்ளி இருப்பது கொண்டே முடிவுகட்டுதல் ஆகாது. நீரின் காரத்தன்மை மிகுந்தாலும் வேறு பாக்டீரியாக்களாலும் புள்ளி தோன்றலாம். புள்ளி தோன்றாமலே இறால் மடிவதும் உண்டு.

நோய் உறுதியானால், முதலில் மதகை அடைக்க வேண்டும். ஒரு துளி நீரும் வெளியேறலாகாது. விற்பனைக்கு ஏற்ற அளவில் இறால் இருக்குமாயின், நீரை இறக்காமலே வீச்சுவலையால் பிடித்து அறுவடை செய்யலாம். சிறியதாயின் நஷ்டத்தை ஏற்பதன்றி வேறு வழியில்லை. செத்தவற்றைப் பொறுக்கிச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். பின்னர் நீருக்குச் சலவைத்தூள் இட்டு, ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிறுத்திவைத்து, அதன் பின்னரே வடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கம்பக்கத்துக் குட்டைக்காரருக்கு அன்றே சொல்லிவிட வேண்டும். நோயை மறைத்து, இரவில் மதகைத் திறந்துவிடுவதால் தமக்கு யாதொரு லாபமும் இல்லை. அடுத்த போகத்தில் அந்நோய் அண்டைக் குட்டையிலிருந்து தமக்கே திரும்பி வரும்.

ஊர்க்கட்டே மருந்து

மேற்கூறிய முறைகளை ஒருவர் மட்டும் கைக்கொண்டு பயனில்லை என்பதை ஆந்திர தேசத்து அனுபவம் காட்டிற்று. 2000-ஆம் வருஷத்தை ஒட்டிக் கடல்பொருள் ஏற்றுமதி அபிவிருத்தி நிறுவனத்தார் அங்கு நோயின் காரணங்களை ஆராய்ந்து, மேற்கு கோதாவரி ஜில்லாவிலுள்ள மொகல்தூர் கிராமத்தில் சிறு குட்டைக்காரர்களை ஒன்றுகூட்டினர். எல்லோரும் ஒரே வாரத்தில் குஞ்சு விடுவது, ஒரே பொரிப்பகத்தில் சோதித்து வாங்குவது, நோய் கண்டால் ஒருவருக்கொருவர் சொல்வது, கூடிப் பேசாமல் நீரை இறைக்கவோ வடிக்கவோ செய்யாதிருப்பது என்ற நான்கு கட்டுப்பாடுகளே அதன் சாரம். அதில் கண்ட நன்மையால் 2007-ஆம் வருஷத்தில் இதற்கென ஒரு தேசிய மையம் ஏற்பட்டு, பல ஜில்லாக்களில் குட்டைக்காரர் சங்கங்கள் அமைக்கப்பட்டன.

இத்தகைய கட்டுப்பாடு பழவேற்காட்டுக்குப் புதியதன்று. ஏரியில் மீனவர் தலைமுறை தலைமுறையாகப் பாடு என்னும் ஓர் ஒழுங்கைக் காத்து வந்துள்ளனர். இன்ன நாளில், இன்ன துறையில், இன்னார் சுத்துவலை கட்டலாம் என்பதை ஊரார் கூடி, முறைவைத்தும் சீட்டுப்போட்டும் வகுத்துக்கொள்வதே பாடு. நல்ல துறை ஒருவருக்கே நிலைப்பதில்லை. தன் முறை அல்லாத நாளில் எவரும் வலை இறக்குவதில்லை. மீறியவர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். நீர் பொதுவானது, ஆதலால் அதில் தனி உரிமைக்கு எல்லை உண்டு என்ற கொள்கை இதில் அடங்கியுள்ளது. குட்டைத் தொழில் வந்தபோது இக்கொள்கை கரையில் ஏறவில்லை. தன் நிலம், தன் குட்டை, தன் மதகு என்று ஒவ்வொருவரும் எண்ணினர். வைரஸுக்கோ அந்த எல்லைகள் தெரியவில்லை.

இனி வருவன

வெண்புள்ளி நோய் இன்னும் ஒழியவில்லை. அதனோடு புதிய நோய்களும் சேர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று, பூஞ்சணத்துக்கு உறவான நுண்ணுயிரால் உண்டாவது. இறாலின் ஈரலைப் பற்றி, அதனைக் கொல்லாமல், வளரவிடாமல் நிறுத்துகிறது. 2009-இல் தாய்லாந்தில் பெயரிடப்பட்ட இந்நுண்ணுயிர் பின்னர் நம் கரையிலும் காணப்பட்டது. நான்கு மாதம் தீனியிட்ட பின்னும் இறால் விரலளவே இருக்கக் கண்டு வளர்ப்போர் திகைக்கின்றனர். செத்தால் நஷ்டம் தெரியும். சாகாமல் தீனியை மட்டும் தின்றுகொண்டிருந்தால் நஷ்டம் நாளுக்கு நாள் ஏறும். இதற்கும் இதுகாறும் கைகண்ட மருந்து இல்லை. சுத்தமான தாய், சோதித்த குஞ்சு, உலர்ந்த குட்டை, தேக்கிய நீர் என்ற பழைய நான்கே இதற்கும் காப்பு.

மாமரக்காரர் ஒட்டுக்கட்டுமுன் தாய்மரத்தைச் சுற்றிவந்து பார்ப்பதும், நோய்க்கொத்தை வெட்டி உடனே கொளுத்துவதும் எவ்வாறோ, இறால் வளர்ப்போர் குஞ்சைச் சோதிப்பதும் நோய்நீரை அடைத்து வைப்பதும் அவ்வாறே. ஆயினும் இருவருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தோப்புக்காரரின் தவறு பெரும்பாலும் அவர் தோப்பின் அளவில் மெல்லப் பரவும். ஏரிக்கரைக் குட்டைக்காரரின் தவறோ ஓர் ஓதத்தில் கரையெங்கும் சென்று, குட்டையே இல்லாத குப்பத்து வலையையும் தொடும். ஆதலால் நோய் கண்ட நாளில் மதகின் பலகையை இறக்கிவிட்டு, அண்டை வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுதலே ஏரிக்கரையில் இறால் வளர்ப்பவர் ஒவ்வொருவரும் முதலில் பழக வேண்டிய கைத்தொழில் ஆகும்.